திட்டும் உரிமை

கதை எழுதுகிறவனுக்குத் தாய் தகப்பன் இல்லாத குழந்தை மிகவும் சௌகரியமான பாத்திரம். முதல் அத்தியாயத்தில் ஒரு ரயில் விபத்தையோ ஒரு விஷக் காய்ச்சலையோ வரவழைத்துப் பெற்றவர்களை அப்புறப்படுத்திவிட்டால் போதும். மீதி அத்தியாயங்களில் வாசகர்களின் அனுதாபத்துக்குக் குறைவே இராது. அந்தக் குழந்தை யார் வீட்டில் வளரவேண்டும் என்பதையும் கதையின் தேவையே தீர்மானித்துவிடும். கண்ணீர் வேண்டுமானால் ஒரு கொடுமைக்காரப் பெரியம்மா. ஆறுதல் வேண்டுமானால் கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு தாய்மாமன். நானும் என் நாவல்களில் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன். பேனாவுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

பெற்றவர்களுக்குத்தான் சிரமம். நம் வீடுகளில் எவ்வளவோ விஷயங்களை முன்கூட்டியே யோசிக்கிறோம். தொட்டிலில் கிடக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கு இன்றைக்கே நகைச் சீட்டுக் கட்டுகிறோம். இன்னும் பால் பல் விழாத பையன் எந்தக் கல்லூரியில் சேரவேண்டும் என்று வாதாடுகிறோம். ஆனால், "நாம் இருவரும் ஒரே சமயத்தில் போய்விட்டால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று புருஷன் கேட்டுவிட்டால், "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது? வாயைக் கழுவுங்கள்!" என்று மனைவி எழுந்து போய்விடுவாள். காலையில் கேட்டாலும் அதே பதில்தான். இந்தக் கேள்விக்கு நல்ல நேரம் என்று பஞ்சாங்கத்தில் ஒன்று இல்லை.

என் தம்பி வீட்டில் இந்தப் பேச்சு ஓர் இன்ஷூரன்ஸ் படிவத்தால் வந்தது. எங்கள் வீட்டில் நான் மூத்தவன், அவன் கடைசி. எனக்கும் அவனுக்கும் 14 வயது வித்தியாசம். கோயம்புத்தூரில் வேலையாயிருக்கிறான். பையனுக்கு அப்போது 8 வயது, பெண்ணுக்கு 3. படிவத்தில் குழந்தைகளின் பெயரை எழுதினானாம். உடனே அடுத்த கட்டம் கேட்டது: பணம் பெறுகிறவர் மைனரானால், அவர் சார்பில் பெற்றுக்கொள்ளும் பெரியவர் யார்? அவர் கையெழுத்து எங்கே? பேனாவைக் கையில் பிடித்தபடி தம்பி வெகு நேரம் உட்கார்ந்திருந்தானாம். பணத்துக்கு ஒருவர் பெயர் எழுதிவிடலாம். குழந்தைகளுக்கு யார் பெயரை எழுதுவது? அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. பிறகு ஒரு மாதம் அது வெளியே போகவில்லை.

2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"அண்ணா, நாங்கள் இரண்டு பேரும் உயில் எழுதுகிறோம். நீங்கள் பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கு ஒரு கார்டியன் பெயர் எழுதி வைக்கத்தான். நீங்கள் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும்."

"சரி, யார் பெயர்?" என்றேன்.

ஒரு கணம் தயங்கினான். "பொள்ளாச்சிச் சித்தி" என்றான்.

பொள்ளாச்சிச் சித்தி என்றால் தம்பி மனைவியின் தங்கை. பள்ளிக்கூட ஆசிரியை. அவள் கணவர் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர்கள். அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. "ரொம்ப நல்லது" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஆனால் நெஞ்சில் ஏதோ சுருக்கென்று தைத்தது.

அந்தத் தம்பியை முதல் முதலாகச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன் நான். அவன் கல்லூரிக்குச் சம்பளம் கட்டியவன் நான். குழந்தைகள் கும்பகோணம் வந்தால் என் மேஜையையும் பேனாவையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் திண்ணைக்குப் போய்விடுவேன். அப்படியிருக்க, எழுதின பெயர் என் பெயர் இல்லை; எழுதினதற்குச் சாட்சி மட்டும் நான்! மனித மனத்தை அறிந்தவன் என்று சில வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதுண்டு. என்னுடைய மனத்தில் இப்படி ஒரு முள் இருப்பது 58 வயது வரையில் எனக்கே தெரியாது.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "நாம் என்ன குறை வைத்தோம்?" என் தாயார், 80 வயதுக் கிழவி, ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள். பாக்கை எடுக்காமலே மூடிவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள், நம் வம்சம், வேறு வீட்டில் வளர்வதா?

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொறுப்பை எங்களில் யாரும் வலியக் கேட்டதில்லை. இரண்டு குழந்தைகளை 15 வருஷம் வளர்ப்பது லேசான காரியமா? காய்ச்சல், பரீட்சை, பள்ளிக்கூடச் சம்பளம், வயது வந்த பிறகு வருகிற கோபதாபங்கள்! நேரில் வந்து கேட்டிருந்தால் எத்தனை பேர் மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்போம்! கேட்காததனால் எல்லோருக்கும் மனத்தாங்கல். பிரியத்துக்கு மார்க்குப் போட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினாற்போல் இருந்தது. சுமை வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை. சுமக்கத் தகுந்தவன் என்று பெயர் வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

பழைய நாளில் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெற்றவர்கள் போய்விட்டால், பந்தியில் ஓர் இலை தள்ளி உட்கார்ந்து குழந்தை சாப்பிட்டது, அவ்வளவுதான். உண்மைதான். ஆனால் அந்தப் பந்தியைப் பற்றி நம் பழமொழியே வேறு மாதிரி பேசுகிறது. தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்கிறது. பெற்ற தகப்பனே அப்படியானால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

'சித்தி' என்ற சொல்லையே பாருங்கள். தாயின் தங்கைக்கும் சித்தி என்று பெயர். தகப்பன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவளுக்கும் சித்தி என்றே பெயர். அக்காள் இறந்துவிட்டால், அவள் குழந்தைகளுக்காகத் தங்கையை அதே மாப்பிள்ளைக்குக் கொடுப்பது எத்தனையோ குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. இரண்டு உறவும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தன. அந்தக் காலத்துக் கார்டியன் ஏற்பாடு அதுதான். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டவர்களும் அநேகமாக இல்லை. அப்படி வந்த சித்திகளில் தெய்வங்களும் இருந்தார்கள். கதைகளில் வருகிறவர்களும் இருந்தார்கள். கேட்காமல் சுமத்திய சுமை எந்தப் பக்கம் சாயும் என்று யார் சொல்ல முடியும்?

எனக்கு வக்கீல் நண்பர் ஒருவர் உண்டு. சட்டத்தைத் தெரிந்துகொள்ள வந்ததாக அவரிடம் சொன்னேன். என் பக்கம் ஏதாவது நியாயம் அகப்படுமா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். காபி வரவழைத்துவிட்டுப் பாடம் நடத்தினார்.

பழைய பத்திரங்களில், மைனர் இன்னாருக்குக் கார்டியனும் தகப்பனாருமான இன்னார் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்து மைனர்களைப் பற்றிய 1956-ஆம் வருஷத்துச் சட்டமும் தகப்பனைத்தான் முதலில் சொல்லுகிறது. அவருக்குப் பிறகு தாய் என்கிறது. 5 வயது நிரம்பாத குழந்தை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்று ஒரு சலுகை. அந்த 'அவருக்குப் பிறகு' என்பதற்கு 'அவர் இறந்த பிறகு' என்றே வெகு காலம் பொருள் சொல்லிவந்தார்கள். நாவலாசிரியை கீதா ஹரிஹரன் தம்முடைய பிள்ளை பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன் பத்திரம் வாங்கப்போனபோது, தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார். 1999-இல் தீர்ப்பு வந்தது: தகப்பன் உயிரோடிருந்தாலும், அவன் அருகில் இல்லாமலோ அக்கறை இல்லாமலோ இருந்தால், தாயே கார்டியனாக இருக்கலாம். ஒரு நாவலாசிரியை சட்டத்தின் இரண்டு வார்த்தைக்குப் புதுப் பொருள் வாங்கித் தந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமை.

உயில் விஷயம் இன்னும் சுவாரசியமானது. தகப்பனும் உயிலில் கார்டியனை நியமிக்கலாம், தாயும் நியமிக்கலாம். தகப்பன் முதலில் இறந்தால், தாய் இருக்கிற வரையில் அவன் எழுதின பெயருக்கு வேலை இல்லை. பிறகு தாய் தன் உயிலில் வேறு பெயர் எழுதி வைத்திருந்தால் அந்தப் பெயர்தான் நிற்கும். அவள் ஒன்றும் எழுதாமல் போனால்தான் தகப்பன் எழுதினதற்கு மறுபடி உயிர் வரும்.

"அப்படியானால் கடைசி வார்த்தை வீட்டுக்காரியுடையதுதான் என்று சொல்லுங்கள்" என்றேன்.

"பல வீடுகளில் நடப்பதைத்தானே சட்டமும் எழுதியிருக்கிறது?" என்றார் நண்பர். "அதனால்தான் இரண்டு பேரும் ஒரே பெயரை எழுதவேண்டும் என்கிறோம். உங்கள் தம்பி சரியாகத்தான் செய்திருக்கிறார். வெள்ளைக் காகிதமே போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு செய்வது அவரவர் இஷ்டம். குழந்தைகளுக்கு ஒருவர், சொத்துக்கு வேறொருவர் என்று பிரித்தும் நியமிக்கலாம்."

"எழுதிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லையா?"

"உண்டு. வழக்கு என்று வந்துவிட்டால் குழந்தையின் நன்மைதான் எல்லாவற்றுக்கும் மேலே. 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தில் கோர்ட்டு எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குழந்தையின் வயது, வருகிறவரின் குணம், திறமை, உறவு நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம், முன்பே இருந்த பழக்கம். விவரம் தெரிந்த குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம்."

உறவு நெருக்கம் என்பது அந்தப் பட்டியலில் நடுவில் எங்கோ கிடக்கிறது. என்னுடைய கட்சிக்கு அதுதான் ஒரே ஆதாரம். அது முதலிலும் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

குழந்தையின் விருப்பம் என்றதும் அடையாறு வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. நாராயணய்யா என்பவர் மனைவியை இழந்தவர். ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா என்ற தம்முடைய இரு பிள்ளைகளுக்கும் அன்னி பெசன்ட் அம்மையாரைக் கார்டியனாக 1910-இல் எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறிப் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு 1912-இல் வழக்குப் போட்டார். சென்னை ஹைக்கோர்ட்டில் தகப்பனாருக்கு ஜயம், அப்பீலிலும் ஜயம். லண்டனில் பிரிவி கவுன்சில் 1914-இல் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. வழக்குத் தொடுத்த முறையே சரியில்லை என்றது. பையன்களின் விருப்பத்தை அறிந்துகொள்ளவே இல்லையே என்பதையும் எடுத்துக் காட்டியது. தகப்பனுக்கு ஒரு வக்கீல், அம்மையாரின் பக்கம் ஒரு வாதம் என்று எத்தனை நாள் நடந்த வழக்கு! யாருக்காக நடந்ததோ அவர்கள் கடல் கடந்து இங்கிலாந்தில் இருந்தார்கள். பெரியவர்களுடைய உரிமைச் சண்டையில் முதலில் காணாமல் போவது குழந்தையின் குரல்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே தாயாரையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். தம்பி மனைவி என்னோடு பேசும்போது, குழந்தைகளை முன்னிட்டுப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுவாள். இரவுச் சாப்பாடு ஆனதும், தம்பி சொல்லத் தயங்கியதை அவளே சொன்னாள்.

"பெரியப்பா, உங்கள் வீட்டைவிடப் பிரியமான வீடு இவர்களுக்கு இல்லை. அதுதான் எங்களுக்கு யோசனையாகப் போயிற்று. அங்கே இவர்கள் மசியைக் கொட்டினாலும் நீங்கள் சிரிக்கிறீர்கள். பெரியம்மா இரண்டாவது தடவையும் அதிரசம் கொடுக்கிறார்கள். பொள்ளாச்சியில் அப்படி இல்லை. என் தங்கை தன் பிள்ளைக்கு ஒரு அடி என்றால் இவனுக்கும் ஒரு அடி வைக்கிறாள். அங்கே சின்னவள் விழுந்தால் என்னைத் தேடுவதில்லை, அவளிடம்தான் ஓடுகிறாள். உங்கள் வீட்டில் இவர்கள் விருந்தாளிகள். அவள் வீட்டில் பிள்ளைகள்."

நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே? அந்தக் குழந்தைகளை நான் ஒரு நாளும் திட்டியதில்லை. அது பிரியம் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன், பிரியம்தான். ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தையையும் நாம் திட்டுவதில்லையே! முன்பின் யோசிக்காமல், நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ என்று பயப்படாமல் ஒரு குழந்தையைத் திட்டுவதற்கு ஓர் உரிமை வேண்டும். அதை உயிலில் எழுதிக் கொடுக்க முடியாது. முன்பே இருக்கிற இடத்தைப் பார்த்து எழுதத்தான் முடியும்.

பையனையும் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். "நாங்கள் இருவரும் ரொம்ப நாள் ஊருக்குப் போனால் நீ எங்கே இருப்பாய்?" என்றதற்கு, "சித்தி வீட்டில்தான். லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவேன்" என்றானாம். பிறகு, "சைக்கிளையும் எடுத்துப் போகலாமா?" என்று கேட்டானாம்.

மகாபாரதத்தில் பாண்டு இறந்த இடத்தில் இதே கேள்விதான் வருகிறது. குந்திக்கு மூன்று பிள்ளைகள், மாத்ரிக்கு இரண்டு. மாத்ரி தன் பிள்ளைகளைக் குந்தியிடம் ஒப்படைத்துவிட்டுத் தீயில் இறங்குகிறாள். உயிரை விடும் வழக்கத்தை நான் கொண்டாடவில்லை. அப்போது அவள் சொல்லும் காரணத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். நான் உயிரோடிருந்தால், உன் பிள்ளைகளை என் பிள்ளைகளைப்போல் வித்தியாசமில்லாமல் வளர்க்க என்னால் முடியாது. உன்னால் முடியும் என்கிறாள். குந்திக்குப் பாசம் அதிகம் என்று சொல்லவில்லை. வித்தியாசம் பாராட்டமாட்டாள் என்கிறாள். பிற்காலத்தில் குந்தி அதை நிரூபித்தாள். சகதேவன் அவளுக்குச் செல்லப்பிள்ளை.

இரத்த உறவு கூட எப்போதும் வேண்டியதில்லை. பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபின் அவனுடைய இரு பெண்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போனவர் கபிலர். பாரிக்கு நண்பர், புலவர். அந்தப் பெண்களை ஏற்றுக்கொள்ளும்படி இரண்டு அரசர்களிடம் போய்க் கேட்டார்; இருவரும் மறுத்தார்கள். புறநானூறு காட்டும் இந்தக் காட்சியில் என் மனத்தைத் தொடுவது கபிலரின் பாட்டல்ல; அந்தப் பெரும் புலவர் பிறர் வீட்டுப் பெண்களுக்காக வாசல் வாசலாக நின்றதுதான்.

மறுநாள் காலையில் என் தாயார் பேசினாள். கும்பகோணத்திலிருந்து வாயைத் திறக்காமல் வந்தவள், தம்பி மனைவி தட்டில் இட்லி வைத்தபோது திடீரென்று என்னைப் பார்த்தாள்.

"உன் அத்தை பிள்ளை நம் வீட்டில் எத்தனை வருஷம் இருந்தான்?"

"9 வருஷம்" என்றேன். 1971-இல் வந்த அத்தான் 1980-இல் பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் போனார். இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் என் தாயாருக்குப் புடவை எடுத்துக்கொண்டு வருகிறார்.

"அவனை நான் வேற்றுமையாக நடத்தினேன் என்று யாராவது சொல்லுவார்களா?"

"யாரும் சொல்ல முடியாது அம்மா."

"சொல்லமாட்டார்கள். அவனே சொல்லமாட்டான். ஆனால் நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக ஊற்றும்போது, உன் தட்டில் கை தானாகச் சாயும். அவன் தட்டுக்கு வந்ததும் 'அதே அளவு ஊற்று' என்று கைக்கு நான் சொல்லவேண்டும். 9 வருஷமும் சொன்னேன். ஒரு நாளும் குறைக்கவில்லை. ஆனால் சொல்லவேண்டியிருந்தது." சற்று நிறுத்தினாள். "சொல்லாமலே ஊற்றுகிற கை இருந்தால் அங்கேயே கொடுக்கட்டும்."

அத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். இது எனக்குத் தெரியாது. தம்பி மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று மாலை சித்தியும் அவள் கணவரும் வந்தார்கள். முதலில் இந்த விஷயத்தைக் கேட்டபோது அவள் இரண்டு நாள் அழுதாளாம். கணவர் மட்டும், "இன்னும் இரண்டு தட்டு வைக்கவேண்டும், அவ்வளவுதானே?" என்றாராம். அவரையும் தனியாக உட்காரவைத்துத் தம்பி கேட்டிருக்கிறான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சித்தியை மட்டும் கேட்டால் போதாது. தட்டு வைக்கும் வீடு அவருடையதும் அல்லவா?

நானும் அடுத்த வீட்டு நண்பர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். உயிலோடு தம்பி ஒரு தனிக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறான். அதற்குச் சட்டத்தில் பலம் இல்லை. கோடை விடுமுறை முழுவதும் பெரியப்பா வீடு, பொங்கல் பாட்டியோடு, சொந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கட்டாயம் அழைத்துப் போகவேண்டும் என்று அதில் இருக்கிறது. பெயர் வராதவர்களுக்கு இதுவே போதும். விருந்தாளியாக வரும் குழந்தைக்கு அதிரசம் கொடுக்க ஒரு வீடு வேண்டாமா? அந்த உத்தியோகம் எனக்கு உறுதியாகிவிட்டது.

சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் இதைப் படித்தால், ஒன்று சொல்லிக்கொள்கிறேன். யாருக்கு நம்மிடம் பிரியம் அதிகம் என்று பார்க்காதீர்கள். எந்த வீட்டில் உங்கள் குழந்தை கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடிக்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டில் இருவரையும் கேளுங்கள். மற்றவர்களுக்கு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிலைப் பிரித்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். இருக்கிறவர் சொன்னால் வருத்தப்படலாம், காரணம் கேட்கலாம், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். இறந்தவரிடம் யார் போய்க் கேட்பது? சில வருஷத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்க்கவும் வேண்டும். மனிதர்கள் வயதாகிறார்கள், ஊர் மாறுகிறார்கள், குழந்தைகளும் வளர்ந்துவிடுகிறார்கள்.

எழுதினவர்கள் எல்லோரும் பயன்படவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற பத்திரம் இது ஒன்றுதான். 2038-இல் சின்னவளுக்கு 18 வயது நிறையும். கார்டியன் என்ற வார்த்தைக்கு அதன் பிறகு வேலை இல்லை. எனக்கு அப்போது 73. அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடும் வேலையை என்னிடமே கொடுக்கவேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.